தம்பி வாய்விட்டு யோசிக்கட்டும்

அண்ணா, வணக்கம்.

போன வாரம் அவிநாசியிலிருந்து உங்கள் பையனை, நம் தம்பியை, கூட்டிக்கொண்டு வந்தீர்கள். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மூணு சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூல கடைசி ரவுண்டு வரைக்கும் போறான், அங்கதானுங்க நின்னு போகுது. என்ன குறைங்க?" என்று கேட்டீர்கள். வெளியே அடுத்தவர்கள் காத்திருந்ததால் அப்போது பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி நன்றாகவே புரோகிராம் எழுதுகிறான். நானே ஒரு கணக்கு கொடுத்துப் பார்த்தேன். 1,000 எண்கள் உள்ள பட்டியல். அதில் கூட்டினால் 100 வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரிய கம்பெனி இன்டர்வியூக்களில் அடிக்கடி வரும் கேள்விதான். பத்து நிமிஷம் தலை நிமிராமல் எழுதி நீட்டினான். விடை சரி. "ஏன் இந்த வழி?" என்றேன். பேப்பரையே பார்த்தான். "வேற வழி இருக்கா?" என்றேன். அதற்கும் பேச்சில்லை.

இன்டர்வியூ எடுப்பவருக்குக் கிடைப்பது முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டான், எதைக் கேட்டுத் தெளிந்தான், எந்த வழியை ஏன் விட்டான், தப்பைக் காட்டினால் எப்படி எடுத்துக்கொண்டான் என்றெல்லாம் அவர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பையன் வாயே திறக்காவிட்டால் அவர் எதை எழுதுவார்?

அப்புறம் பேச்சை மாற்றி, நூலைக் கவுண்ட் (நூலின் பருமனைச் சொல்லும் எண்) வாரியாக அடுக்கியிருக்கும் உங்கள் குடோனைப் பற்றிக் கேட்டேன். முகமே மாறிவிட்டது. "முப்பது கவுண்ட்டுக்கு ஒரு ரேக், நாற்பது கவுண்ட்டுக்கு ஒரு ரேக்குங்க. ஆர்டர் வந்தா நேரா அந்த ரேக்குக்குப் போயிடுவோம். எல்லா மூட்டையையும் புரட்ட மாட்டோம்" என்றான். "இப்ப நீ சொன்னதுதான் கண்ணு, புரோகிராமில் தேடுறதை நேரா எடுக்கற மாதிரி அடுக்கி வைக்கிற ஹேஷ் மேப்" என்றேன். ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 5 லட்சம் ஜோடி வரும். ரேக் மாதிரி அடுக்கிவிட்டால் 1,000 முறை தேடினால் போதும். நான் முடிப்பதற்குள், "30 வந்தா 70 இருக்கற ரேக்கைப் பார்ப்பேனுங்க" என்று அவனே சொன்னான். இந்தப் பேச்சுதான் இன்டர்வியூ ரூமில் வர வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. தினமும் சாயங்காலம் அரை மணி நேரம், அன்றைக்குப் போட்ட கணக்கை உங்களிடமோ அண்ணியிடமோ தமிழிலேயே சொல்லட்டும். உங்களுக்குப் புரிய வேண்டும் என்றில்லை. "ஏன் அப்படி?", "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் போதும். தமிழில் தங்குதடையில்லாமல் வந்த பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வேலையில் சேர்ந்த பிறகும் இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். முதல் சில மாதங்கள் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியதைப் படிப்பது, சின்னச் சின்னத் தவறுகளைச் சரிசெய்வது என்றே போகும். இவன் மாற்றிய நாலு வரியைக்கூட இன்னொருவர் படித்துப் பார்த்து (ரிவியூ) சரி சொன்ன பிறகுதான் சேர்ப்பார்கள். காலையில் பதினைந்து நிமிஷக் கூட்டத்தில், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். பெரியவர்களிடம் மறுகேள்வி கேட்கக்கூடாது என்று வளர்த்திருக்கிறோம். மூன்று நாள் மாட்டிக்கொண்டு தவித்தாலும் டீம் லீடிடம் போக மாட்டார்கள். "எனக்கு இது புரியலைங்க" என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது என்று உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள். நான் பத்து முறை சொல்வதைவிட அது அவன் மனதில் நிற்கும்.

சரி, பணம் கட்டினால் பின்வாசல் வழியாகச் சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் போன் செய்ததாகச் சொன்னீர்களே, அந்தப் பேச்சே வேண்டாம். நல்ல கம்பெனி எதுவும் வேலை கொடுக்கக் காசு வாங்காது.

சனிக்கிழமை பத்து மணிக்குத் தம்பியை அனுப்பி வையுங்கள். லேப்டாப் வேண்டாம், ஒரு நோட்டு போதும். போர்டு முன்னால் நிறுத்தி, பேசிக்கொண்டே எழுத வைக்கிறேன்.