பீரோவுக்குள் நுழைய முடியாத பூதம்

கேள்வி: என் பேத்திக்கு நாலு வயது. 'மான்ஸ்டர்ஸ், இங்க்' படம் பார்த்ததிலிருந்து, ராத்திரி அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால்தான் தூங்குவேன் என்கிறாள். பூதம் விளையாட வருமாம். பூதத்தோடு சிநேகம் வைக்கச் சொல்லும் இந்த வெளிநாட்டுப் படங்கள் பிள்ளைகளைக் கெடுத்துவிடாதா?
– ஒரு தாத்தா, திருமங்கலம்

பதில்: கதவு என்று எழுதினீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு ஐப்பசி மழைக்கு உப்பிக்கொண்டு மூடாது. சித்திரை வெயிலுக்குச் சுருங்கி, தாழ்ப்பாள் எட்டாது. அதைச் செய்த தச்சரைப் பற்றி இந்தப் பக்கத்தில் இரண்டு முறை எழுதியாயிற்று. மூன்றாவது முறை எழுதினால் பேனாவைப் பிடுங்கிக்கொள்வதாக உதவி ஆசிரியர் சொல்லியிருப்பதால், சரி, பூதத்துக்கு வருகிறேன்.

2001-ல் வந்த அந்தப் படத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கதவு. பூதங்களின் தொழிற்சாலையில் அதைக் கொண்டுவந்து மாட்டினால் இந்தப் பக்கம் தொழிற்சாலை, அந்தப் பக்கம் குழந்தையின் துணி அலமாரி. அமெரிக்காவில் அந்த அலமாரிக்குள் ஆள் நடக்கலாம். நம்மிடம் இருப்பது இரும்பு பீரோ. மேல்தட்டில் பட்டுப்புடவை, நடுத்தட்டில் வீட்டுப் பத்திரம், கீழ்த்தட்டில் யார் கல்யாணத்திலோ வந்து இன்னும் பிரிக்காத எவர்சில்வர் பாத்திரம். பூதம் எங்கே நிற்கும்? கதாநாயகப் பூதத்துக்கு உடம்பெல்லாம் முடி. 23 லட்சத்துக்கு மேல் என்று கணக்கு, அத்தனையையும் கணினியில் அசைய வைத்தார்கள். அவ்வளவு முடியோடு அந்துருண்டைக்கு நடுவே ஐந்து நிமிடம் நின்றால் தும்மியே காட்டிக்கொடுத்துவிடும். சாவியோ பாட்டியின் இடுப்பில். உள்ளேயிருந்து தட்டினால், "யார்ரா அது, கூறைப்புடவையை மிதிக்காதே" என்றுதான் பதில் வரும்.

அந்தத் தொழிற்சாலை எதற்கு? குழந்தைகளின் அலறலிலிருந்து மின்சாரம் எடுக்க. இதை யோசித்தவர் காதுகுத்து பார்த்ததில்லை. பாண்டி கோயிலில் முகூர்த்த நாள் காலையில், மொட்டை போட்ட கையோடு தாய்மாமன் மடியில் பிள்ளைகளை உட்காரவைத்ததும் எழுகிறதே ஒரு குரல், அதைக் கம்பியில் பிடித்தால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு வாரம் விளக்கெரியும். மிச்சத்தை மேலூருக்குக் கொடுக்கலாம். தாய்மாமனும் சேர்ந்து அழுத காதுகுத்து ஒன்றுக்குப் போயிருக்கிறேன். அவர் அழுதது மோதிரச் செலவை நினைத்து என்றார்கள்.

படத்தின் முடிவில் அலறலைவிடச் சிரிப்புக்குப் பத்து மடங்கு சக்தி என்று பூதங்களே கண்டுபிடிக்கின்றன. அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. அங்கே பயந்து சாவது பூதங்கள்தான். குழந்தை தொட்டாலே உயிர் போய்விடும் என்று நம்புகின்றன. ஒரு பூதத்தின் முதுகில் சின்னக் காலுறை ஒட்டிக்கொண்டு வந்ததற்கு, ஆட்கள் ஓடிவந்து அமுக்கி, அதன் உடம்பை மழித்துவிட்டுத்தான் விடுகிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தக் காட்சிதான் ஞாபகம் வந்தது. பேத்தி நன்றாகத் தூங்குகிறாள். விழித்துக்கொண்டு இருப்பது யார்?

வெளிநாட்டுச் சரக்கு என்கிறீர்கள். திருமங்கலத்திலிருந்து அழகர்கோயில் எவ்வளவு தூரம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு போய்வாருங்கள். பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு அங்கே சிலை கிடையாது. சாத்திய கதவுதான் சாமி. சந்தனம் கதவுக்கு, மாலை கதவுக்கு. பக்கத்தில் ஆளுயர அரிவாள்கள். அழகரின் சக்தியைக் களவாட மலையாளத்திலிருந்து வந்த பதினெட்டு மந்திரவாதிகளை அந்தப் படிகளுக்குள் அடக்கியதாகக் கதை. வாயைத் திறந்தால் பொய் சொல்கிற ஆளும் அந்தக் கதவுக்கு முன்னால் சத்தியம் செய்யச் சொன்னால் எச்சில் விழுங்குவான். கள்ளழகரே சித்திரையில் மதுரைக்குப் புறப்படும்போது கருப்பனிடம் விடைபெற்றுக்கொண்டுதான் கிளம்புகிறார். ஆனால் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிற அம்மா பயந்தா வருகிறாள்? 'நீதான் பார்த்துக்கணும்' என்கிறாள். மீசையும் அரிவாளுமாக நிற்பவர்களைத்தான் நாம் காவலுக்கு வைத்திருக்கிறோம். உங்கள் பேத்தியும் அதைத்தான் கேட்கிறாள்; அவளுடைய ஆளுக்கு மீசைக்குப் பதில் உடம்பெல்லாம் முடி, அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குப் பூச்சாண்டியே காட்டக் கூடாது என்று வாதிடும் பேராசிரிய நண்பர் ஒருவரோடு எனக்குப் பல வருடச் சண்டை. (இந்த இதழையும் வாங்கிப் படிப்பார், காசு கொடுக்காமல்.) பாண்டியன் சபையில் பொற்கிழி வென்ற நம் பக்கத்து ஊர்ப் பெரியாழ்வார், கண்ணன் 'அப்பூச்சி காட்டுகின்றான்' என்று ஒரு பதிகமே பாடியிருக்கிறார். பயமுறுத்துகிறவனும் அவனே, விளையாட்டுத் தோழனும் அவனே. நண்பரிடம் இதைச் சொன்னால், 'அது பக்தி, இது உளவியல்' என்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை.

ஆகவே கதவு திறந்தே இருக்கட்டும். பத்திரத்தை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒன்று, ராத்திரி முழுக்கத் திறந்து தொங்கும் கதவுக்குக் கீல் தளரும். திருமங்கலத்தில் நல்ல தச்சர் யாராவது இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.