அகச்சிவப்பைப் பிடிக்கும் நானோ துகள்கள்: கேள்வி பதில்

கேள்வி: சோலார் பேனல் அகச்சிவப்பை ஏன் விட்டுவிடுகிறது?

முழுதாக விடுவதில்லை. சிலிக்கான் ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் வரை உறிஞ்சும். அதற்கு அப்பாலுள்ள ஒளி மின்சாரம் தராமலே போய்விடும். வெயிலின் ஆற்றலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: யட்டெர்பியம், எர்பியம் என்ற அருமண் உலோகங்கள் சேர்த்த நானோ துகள் 980 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரில் பச்சையாக ஒளிர்ந்தது. சிலிக்கான் பேனலில் பூசலாமா?

முதலில் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். 980 கண்ணுக்குத் தெரியாது, இமை தானாக மூடாது, விழித்திரை வெந்துவிடும். நிறமற்ற திரவத்துக்குள் பச்சை நூல் ஒன்று நீள்வதைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனசு துள்ளும். ஆனால் 980ஐ சிலிக்கானே உறிஞ்சிக்கொள்ளுமே! உங்கள் துகள் இரண்டு அகச்சிவப்பு ஃபோட்டானை (ஒளித்துகளை) சேர்த்து ஒரு பச்சை ஃபோட்டான் ஆக்குகிறது. இரண்டைக் கொடுத்து ஒன்றை வாங்குவது நஷ்டம். சிலிக்கானுக்கு எர்பியம் மட்டும் போதும். 1,500ஐ ஒட்டிய ஒளியை வாங்கி 980ஆகத் தரும். அதையும் பேனலின் பின்பக்கம் வையுங்கள்.

கேள்வி: பெரோவ்ஸ்கைட் என்ற இன்னொரு வகை சோலார் செல்லுக்கு?

அங்கே உங்கள் துகள் பொருந்தும். வழக்கமான பெரோவ்ஸ்கைட் 800 நானோமீட்டர் பக்கத்திலேயே நின்றுவிடும், 980ஐத் தொடாது. ஆனால் லேசரில் ஒளிர்ந்ததை வைத்து வெயிலுக்கு முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: லேசரில் ஒளிர்வது வெயிலில் ஒளிராதா? ஆர்வத்தோடு வருகிறவர்களை நீங்களே விரட்டுகிறீர்கள்.

விரட்டவில்லை. கணக்கைப் பாருங்கள். முதல் ஃபோட்டானின் ஆற்றல் வடிந்துபோகும் முன் இரண்டாவது வந்து சேர வேண்டும். மங்கலான ஒளியில், வெளிச்சம் பாதியானால் வெளிவரும் பச்சை கால்வாசி ஆகிவிடும். வெயில் எல்லா நிறமும் சேர்ந்தே சதுர சென்டிமீட்டருக்கு 0.1 வாட்தான். யட்டெர்பியம் அதில் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் எடுக்கும். லேசரோ மொத்தத்தையும் அந்தக் கீற்றிலேயே கொட்டுகிறது. வழி இல்லாமல் இல்லை. 2012இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு துகளின் மேல் சாய மூலக்கூறுகளை ஆன்டெனா போல ஒட்டி, உறிஞ்சும் பட்டையை அகலமாக்கியது. குவிலென்ஸும் உதவும். வெயிலில் சோதித்த எண்ணைக் கொண்டுவாருங்கள், உங்களோடு உட்கார்ந்து பேசுகிறேன்.

கேள்வி: சிலிக்கான் பேனலில் 980 துகள் பூசினால்...

மேலே இரண்டாவது பதில். கண்ணாடி போட்டீர்களா?

கேள்வி: மாடியில் பேனல் போட மானியம் உண்டா?

மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: தண்ணீரில் கலந்ததும் ஒளி மங்குகிறதே?

நல்ல கேள்வி. நீரின் ஓ-ஹெச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) பிணைப்பு அதிர்ந்து, துகளின் மேற்பரப்பிலிருந்து ஆற்றலைப் பறிக்கிறது. துகளின் அடிப்பொருளான அதே சோடியம் யட்ரியம் ஃபுளோரைடில், யட்டெர்பியமும் எர்பியமும் கலக்காமல், சில நானோமீட்டர் தடிப்பில் மேலே ஒரு ஓடு வளர்த்துப் பாருங்கள். பச்சை திரும்பி வரும்.