கேள்வி – பதில்

கேள்வி: கனடாவில் இருந்துகொண்டு பம்பாயையே எழுதும் ரொஹின்ரன் மிஸ்திரியை எந்தப் புத்தகத்தில் தொடங்கி வாசிக்கலாம்?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: 'ஏ ஃபைன் பேலன்ஸ்' (1995) வேண்டாம். இந்தியாவின் அவசரநிலைக் காலத் (1975–77) தையற்காரர் இருவர் மேல் அடிமேல் அடி விழும்; 600 பக்கங்களுக்கு மேல், பாதியில் மூடிவிடுவீர்கள். முதலில் 1987இல் வந்த சிறுகதைத் தொகுதி 'டேல்ஸ் ஃப்ரம் ஃபிரோஸ்ஷா பாக்': பார்சிகளின் (பாரசீகத்திலிருந்து இந்தியா வந்து குடியேறிய சமயத்தவர்) அடுக்குமாடி ஒன்றைச் சுற்றி 11 கதைகள். கடைசிக் கதையில் ரொறன்ரோவிலிருக்கும் மகன் அனுப்பிய கதைகளைப் பம்பாயில் பெற்றோர் வாசித்து, ஊரை ஏன் எழுதுகிறான் என்று பேசிக்கொள்கிறார்கள். உங்கள் கேள்வியேதான்! மிஸ்திரி 1952இல் பிறந்து, 1975இல் கனடா போனவர். வங்கி வேலையோடு படித்தவர். மூன்று நாவல்கள், மூன்றுமே புக்கர் இலக்கியப் பரிசின் குறும்பட்டியலோடு நின்றன.