கப் அடிச்ச டீம் அடுத்த வருஷமே கடைசில போய் ஏன் நிக்குது? – வாசகர் கேள்வி பதில்

இந்த வாட்டி வந்த கேள்வியில பாதிக்கு மேல ஃபுட்பால்தான், அதுவும் பெரும்பாலும் வடசென்னை பக்கம் இருந்து. எல்லாத்துக்கும் இடம் இல்ல, சிலது மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி (பெரம்பூர், காலேஜ் மாணவர்): அண்ணா, ஸ்கூல் படிக்கும்போதிருந்து நான் மான்செஸ்டர் யுனைடெட் ஃபேன். 2024-25 சீசன்ல 15வது இடம், வாட்ஸப் குரூப்ல தினமும் கலாய்க்கிறாங்க, தாங்க முடியல. பேசாம லிவர்பூலுக்கு மாறிடலாமான்னு இருக்கு. அது தப்பா?

பதில்: தப்புன்னு சொல்ல நான் யாரு தம்பி, ஆனா மாறாதன்னுதான் சொல்வேன். உன் வலி புரியுது, அந்த சீசன்ல 38 மேட்ச்ல வெறும் 42 பாயிண்ட், போதாக்குறைக்கு பில்பாவோல யூரோப்பா லீக் ஃபைனல்ல டாட்டன்ஹாம்கிட்ட 1-0, அந்த டாட்டன்ஹாமே லீக்ல 17வது இடம். யுனைடெட் கடைசியா லீக் ஜெயிச்சது 2013ல, அதுக்கப்புறம் மோயஸ், வான் ஹால், மொரினியோ, சோல்ஷர், டென் ஹாக், அமோரிம்னு வரிசையா கோச் வந்தாங்க. கோச் மாறினதை விட பெரிய பிரச்சனை என்னன்னா ஒவ்வொருத்தரும் ஒரு ஸ்டைல், அவருக்குன்னு வாங்கின பிளேயருங்க அடுத்தவருக்கு செட் ஆகல, அப்புறம் அவங்களை பாதி விலைக்கு தள்ளி விட்டுட்டு மறுபடியும் முதல்ல இருந்து. 2013ல ரொம்ப வருஷமா கோச்சா இருந்த ஃபெர்குசன் மட்டும் போகல, டிரான்ஸ்ஃபர், சம்பளம்னு ஆஃபீஸ் பக்கம் எல்லாத்தையும் பாத்துக்கிட்ட டேவிட் கில்லும் அதே கோடையில கிளம்பிட்டார், அந்த ரெண்டாவது காலி இடத்தைப் பத்தி நம்ம ஆளுங்க பேசுறதே கிடையாது. அதுக்கு மேல 2005ல கிளேஸர் குடும்பம் கிளப்பை வாங்கினப்போ வாங்கின கடன்ல பெரும்பகுதி கிளப் தலையிலயே விழுந்துச்சு.

லிவர்பூலுக்கு மாறணும்னு சொல்றியே, அவங்க 1990ல லீக் ஜெயிச்சு அடுத்து 2020லதான் ஜெயிச்சாங்க, 30 வருஷம்! நடுவுல 2014ல கைக்கு வந்த கப்பு செல்சி மேட்ச்ல ஜெரார்ட் வழுக்கி விழுந்ததோட போச்சு, கடைசியா 2020ல வந்தப்போ கொரோனா, ஆன்ஃபீல்டுல கப் தூக்கும்போது ஸ்டாண்டுல ஒரு ஃபேன் இல்ல. அதுக்கு நடுவுல மாறாம இருந்தவனுக்குத்தான் அன்னிக்கு அழுகை வந்துச்சு, ஜெயிச்சதும் ஜெர்சி வாங்கினவனுக்கு இல்ல. நீ அந்த குரூப்பை மியூட் பண்ணிட்டு மேட்ச் பாரு.

கேள்வி (அண்ணா நகர்): 5000க்கு 1 சான்ஸ்னு சொன்ன இடத்துல இருந்து சாம்பியன் ஆன லெஸ்டர் சிட்டி எப்படி ரெலிகேட் ஆகி கீழ் டிவிஷனுக்கு போச்சு? கோச் ராசி சரியில்லன்னு எங்க ஆஃபீஸ்ல ஒருத்தர் சொல்றார்.

பதில்: ராசி இல்ல சார், கணக்கு. 2016ல கப் அடிச்சதும் அந்த டீம் செஞ்ச புத்திசாலித்தனமான வேலை, வருஷத்துக்கு ஒரு பெரிய பிளேயரை நல்ல விலைக்கு வித்து அந்த காசுல டீமை கட்டினது. கான்டே போனார், மாரெஸ் போனார், மகுவயர், சில்வெல் போனாங்க, அப்பவும் டீம் நின்னுச்சு. 2019-20, 2020-21 ரெண்டு சீசனும் அஞ்சாவது இடம், ரெண்டு தடவையும் கடைசி நாள்ல சாம்பியன்ஸ் லீக் சீட்டு கைநழுவிப் போச்சு, 2021ல செல்சியை தோற்கடிச்சு எஃப்ஏ கப் வேற. ஆனா சாம்பியன்ஸ் லீக் காசு வரும்ங்கிற கணக்குல சம்பளத்தை ஏத்தி வச்சிட்டாங்க, காசு வரல, ஓனரோட பிசினஸ் ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீ கடை, கொரோனால விமானமே பறக்கல. 2018ல ஓனர் விச்சாய் ஸ்டேடியம் வாசல்லயே ஹெலிகாப்டர் விபத்துல இறந்துட்டார், அந்த இழப்புல இருந்து கிளப் முழுசா மீளவே இல்லன்னு நான் நினைக்கிறேன். விக்க வேண்டிய பிளேயரை விக்காம வச்சிருந்தாங்க, அவங்க கான்ட்ராக்ட் முடிஞ்சு சும்மாவே போனாங்க. 2023ல கீழ, 2024ல மேல, 2025ல மறுபடியும் கீழ.

இதே கதையை இன்னும் கொடூரமா பாக்கணும்னா லீட்ஸ் யுனைடெட். 2001ல சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல், 2004ல ரெலிகேஷன், 2007ல மூணாவது டிவிஷன், பிரீமியர் லீக்குக்கு திரும்பி வந்தது 2020ல. வராத காசை நம்பி கடன் வாங்கினது ஒன்னுதான் காரணம்.

கேள்வி (வியாசர்பாடி): தலைவா, சென்னையின் எஃப்சி 2018ல கப்பு, 2019ல கடைசி, 2020ல ஃபைனல். எங்களுக்கு பிபி ஏறுது. ஒரு டீம் இப்படி ஏறி இறங்குமா?

பதில்: நம்ம டீமுக்கு இது ஆரம்பத்துல இருந்தே இருக்குற பழக்கம் நண்பா. 2015 ஞாபகம் இருக்கா? சீசன் பாதியில டேபிள்ல அடிமட்டம், மெட்டராஸி கோச், முடிஞ்சதுன்னு எல்லாரும் எழுதிட்டாங்க, அப்புறம் வரிசையா ஜெயிச்சு செமிக்கு வந்தா டிசம்பர் வெள்ளம், ஊரே தண்ணியில, நம்ம ஹோம் செமி ஃபைனலை புனேல கொண்டு போய் ஆட வேண்டியதாச்சு, அங்க கொல்கத்தாவை 3-0ன்னு அடிச்சாங்க. கோவாவுல அவங்க கிரவுண்டுலயே ஃபைனல், 87வது நிமிஷம் கோவா 2-1 லீட், டிவிய ஆஃப் பண்ணவங்க எத்தனை பேர்! 90வது நிமிஷம் கட்டிமணி கையில பட்டு பந்து உள்ள போச்சு, அடுத்த ரெண்டு நிமிஷத்துல மென்டோசா, 3-2. வீட்டுக்குள்ள சேறு கழுவிக்கிட்டிருந்த ஊருக்கு அந்த ராத்திரி என்னவா இருந்துச்சுன்னு சென்னைக்காரனுக்கு மட்டும்தான் தெரியும்.

2018 ஃபைனல் வேற மாதிரி. பெங்களூரு கன்டீரவா, 9வது நிமிஷமே சேத்ரி கோல், அவங்க லீக்ல முதல் இடம் வேற. நெல்சன் கார்னர் எடுக்குறார், பிரேசில் டிஃபெண்டர் மெயில்சன் ஆல்வ்ஸ் கூட்டத்துக்கு மேல எழும்பி தலையில முட்டுறார், கோல். ஃபர்ஸ்ட் ஹாஃப் முடியிற நேரத்துல அதே நெல்சன் கார்னர், அதே மெயில்சன், அதே மாதிரி தலை, இன்னொரு கோல். ஒரு டிஃபெண்டர் ஃபைனல்ல ரெண்டு கோல் போட்டு கப் வாங்கித் தர்றது எங்க நடக்கும்? ரஃபேல் அகஸ்டோ மூணாவது போட்டார், 3-2.

சரி, அடுத்த சீசன் ஏன் 18 மேட்ச்ல வெறும் 9 பாயிண்ட்? டிஃபென்ஸ்ல நின்ன கேப்டன் செரெனோ இல்ல, உங்க ஏரியா பையன் தனபால் கணேஷ் நடுவுல இருந்து எல்லாத்தையும் அடைச்சு வச்சவரு, முட்டி காயத்துல சீசனே போச்சு, ஜேஜேவுக்கு கோல் வறண்டு போச்சு. நம்ம ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அப்போ ரொம்ப சின்ன லீக், இங்கிலாந்துல 38 மேட்ச், முதல் அஞ்சு தோத்தாலும் சமாளிக்கலாம், 18 மேட்ச் லீக்ல அஞ்சு தோத்தா நம்பிக்கையே போயிடும், அதுக்கப்புறம் ஜெயிக்க வேண்டிய மேட்சும் டிரா ஆகும். இன்னொன்னு, ஃபாரின் பிளேயருங்க பாதிப் பேருக்கு ஒரு வருஷ கான்ட்ராக்ட், கப் அடிச்ச டீமும் கடைசி வந்த டீமும் ஜூன் மாசம் ஒரே இடத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. 2019-20ல பாருங்க, முதல் நாலு மேட்ச்ல ஒரு கோல் கூட இல்ல, ஜான் கிரிகோரி போய் ஓவன் காயில் வந்தார், வால்ஸ்கிஸ் 15 கோல் அடிச்சு கோல்டன் பூட், செமில கோவாவை ரெண்டு மேட்சும் சேத்து 6-5, ஃபைனல்ல கொல்கத்தாகிட்ட 3-1 தோல்வி, அதுவும் கொரோனாவால பூட்டின ஸ்டேடியத்துல. அந்த கோச்சும் அந்த ஸ்ட்ரைக்கரும் அடுத்த சீசனே ஜாம்ஷெட்பூர் போயிட்டாங்க, 2021-22ல காயில் அங்க டேபிள்ல முதல் இடத்துக்கு தர்ற லீக் ஷீல்டை ஜெயிச்சார். அவரை ரெண்டு வருஷம் இங்கயே பிடிச்சு வச்சிருந்தா அந்த ஷீல்டு பெரியமேட்டுக்கு வந்திருக்கும்னு நான் இன்னிக்கும் நம்புறேன். பிபி ஏறுறதுக்கு மருந்து கோச்சையும் டீமோட நடு முதுகெலும்பா இருக்குற நாலு பேரையும் மூணு வருஷம் தொடாம வைக்கிறதுதான்.

கேள்வி (தாம்பரம், சொந்த ஊர் கோயம்புத்தூர்): சென்னை சிட்டி எஃப்சியை எல்லாரும் மறந்துட்டீங்களே சார்? ஐ-லீக் சாம்பியன் சார் அவங்க.

பதில்: மறக்கல சார், நீங்க கேட்டதே சந்தோஷம். பேருல சென்னை, ஆடினது உங்க கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். 2019 மார்ச் 9, கடைசி மேட்ச், மினர்வா பஞ்சாப் மூணாவது நிமிஷத்துலயே கோல் போட்டுட்டாங்க, அதே நேரத்துல கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்கால் ஆடிட்டு இருக்கு, அவங்க ஜெயிச்சு நாம தோத்தா கப்பு அவங்களுக்கு. மான்ஸி பெனால்டில சமன் பண்ணார், அப்புறம் கௌரவ் போரா ரெண்டு, 3-1. 43 பாயிண்ட், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. மான்ஸி மட்டும் அந்த சீசன்ல 21 கோல். சிங்கப்பூர் கோச் அக்பர் நவாஸ் தரையில பந்தை ஓட விட்டு ஆட வச்ச மாதிரி தமிழ்நாட்டுல ஒரு டீம் ஆடி நான் பாத்ததில்ல, எட்வின் மாதிரி தமிழ்நாட்டுப் பசங்க அதுல மெயின் ஆளுங்க. சுவிட்சர்லாந்தோட எஃப்சி பாசல் 26 சதவீதம் பங்கு வேற வாங்குச்சு.

ஆனா அந்த வருஷமே ஐ-லீக்கை ஐஎஸ்எல்லுக்கு கீழ ரெண்டாவது டிவிஷன் மாதிரி ஆக்கிட்டாங்க, சாம்பியனுக்கு ஐஎஸ்எல் கதவு திறக்கல, மான்ஸி ஜப்பான் கிளம்பினார், நல்ல பிளேயருங்க ஒவ்வொருத்தரா ஐஎஸ்எல் போனாங்க, 2021-22 ஐ-லீக்ல அந்த டீமே இல்ல. மூணே வருஷத்துல சாம்பியன் காணாம போச்சு! ஐ-லீக் ஜெயிச்சா ஐஎஸ்எல்ங்கிற கதவு 2023ல பஞ்சாப் டீமுக்குத்தான் முதல் தடவையா திறந்துச்சு. நாலு வருஷம் முன்னாடி திறந்திருந்தா இன்னிக்கு கோயம்புத்தூருக்கும் நமக்கும் டெர்பி, அதாவது பக்கத்து டீம் மோதல், நடந்துக்கிட்டிருக்கும். எனக்கு இதை நினைச்சா இன்னும் ஆறல.

கேள்வி (கொளத்தூர்): ஐஎஸ்எல்லே நடக்குமா நடக்காதான்னு ஆயிடுச்சே, இனிமே இதை நம்பி ஃபாலோ பண்ணலாமா?

பதில்: 2025ல நடந்தது சுருக்கமா இதுதான். இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷனுக்கும் லீக்கை நடத்துற கம்பெனிக்கும் 2010ல போட்ட 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பர்ல முடியுது, புதுசு போடல, அதனால செப்டம்பர்ல ஆரம்பிக்க வேண்டிய சீசன் ஜூலையிலயே நின்னுச்சு. ஆகஸ்ட்ல நம்ம சென்னையினும் கிளப் வேலையை நிறுத்தி வைக்கிற நிலைமை. கடைசில 2026 பிப்ரவரி 14 அன்னிக்குத்தான் ஆரம்பிச்சது, அதுவும் ஒரே ரவுண்டு. பிளேயர், கோச் மட்டும் இல்ல, ஜெர்சி துவைக்கிறவர், மசாஜ் பண்றவர், டீம் பஸ் ஓட்டுறவர் வரைக்கும் மாசக்கணக்கா என்ன ஆகும்னு தெரியாம இருந்தாங்க. ஹைதராபாத் எஃப்சியைப் பாருங்க, 2022ல கப், 2023-24ல சம்பளப் பாக்கி, பாதி டீம் கிளம்பி சீசன் முழுக்க ஒரே ஒரு வெற்றி, 2025ல கிளப்பே பேர் மாறி டெல்லிக்கு போயிடுச்சு. கிரவுண்டுல தோக்குறதை எந்த ஃபேனும் தாங்குவான், கிளப்பே ஊரை விட்டு போறதைத் தாங்க முடியாது. ஜெர்மனில கிளப்போட ஓட்டுல பாதிக்கு மேல மெம்பருங்க கையில இருக்கணும்னு லீக் விதி, அங்க ஓனர் நினைச்சா டீமை தூக்கிட்டு ஓட முடியாது. இங்க அந்த அளவுக்கு வேண்டாம், டிக்கெட் வாங்குறவங்க சார்பா ஒரு ஆளாவது கிளப் மீட்டிங்ல உக்காரணும், அதைத்தான் நாம எல்லாரும் கேக்கணும். ஃபாலோ பண்ணலாமான்னா, பண்ணுங்க, நேர்ல வந்து பண்ணுங்க. சென்ட்ரல் மெட்ரோல இறங்கினா நேரு ஸ்டேடியம் பக்கம்தான்.

கேள்வி (ராயபுரம், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்): ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க்னு நாங்க பாத்த ஃபுட்பாலுக்கு என்ன ஆச்சு?

பதில்: ஐயா, அந்த டீமுங்களோட பலமே வேலைதான். பந்து நல்லா ஆடினா ஆஃபீஸ்ல நிரந்தர வேலை, பென்ஷன், குடும்பம் நிம்மதி, அதனால ஒரே டீம்ல ஆண்டுக்கணக்கா ஆடினாங்க. இந்தியன் பேங்க் நேஷனல் லீக் வரைக்கும் போய் ஆடுச்சு. ஸ்போர்ட்ஸ் கோட்டா ஆளெடுப்பு குறைய குறைய டீமும் சுருங்கிடுச்சு. ஆனா சென்னை லீக் இன்னும் இருக்கு, சாயங்காலம் ஒரு நாள் போய் உக்காருங்க.

கேள்வி (கொடுங்கையூர், ஒரு அம்மா): என் பையனுக்கு 11 வயசு, ஃபுட்பால்னா உயிரு. நீங்க எழுதுறதை எல்லாம் படிச்சா கிளப்பே நிக்க மாட்டேங்குது, இதை நம்பி எப்படிம்மா அனுப்புறதுன்னு அவங்க அப்பா கேக்குறாரு.

பதில்: அம்மா, கிளப் விழுந்தாலும் ஆட்டக்காரன் விழணும்னு இல்ல. நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் சென்னை சிட்டில ஆடினவர், அந்த கிளப் இன்னிக்கு களத்துல இல்ல, ஆனா அவரு ஒடிசா போய் 2023ல சூப்பர் கப் வாங்கினார், அதே வருஷம் ஆகஸ்ட்ல ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிரா டூரண்ட் கப்புல ஒரே கோல், வலது பக்கம் இருந்து உள்ள வெட்டி இடது கால்ல அடிச்சார், நாலு வருஷத்துக்கு மேல டெர்பி ஜெயிக்காம இருந்த கொல்கத்தா பாதி அன்னிக்கு ராத்திரி தூங்கல. அனுப்புங்கம்மா, ஆனா சேக்குறதுக்கு முன்னாடி அந்த அகாடமிக்கு ஃபெடரேஷன் அங்கீகாரம் இருக்கா, பையன் பேரை சிஆர்எஸ்ல (ஃபெடரேஷனோட ஆன்லைன் பிளேயர் பதிவு) பதிவு பண்றாங்களான்னு கேளுங்க, வயசை குறைச்சுக் காட்டலாம்னு எவனாவது சொன்னா அந்த இடத்துலயே வெளிய வந்துடுங்க, பின்னாடி தடை வாங்குறது பையன்தான். ஸ்கூலை மட்டும் நிறுத்தாதீங்க, காலேஜ் சீட்டுக்கும் வேலைக்கும் ஸ்போர்ட்ஸ் கோட்டால மாநில அளவுல ஆடின சர்டிபிகேட் கேப்பாங்க, ஒவ்வொரு டோர்னமென்ட் பேப்பரையும் ஒரு ஃபைல்ல போட்டு வையுங்க. அவங்க அப்பாவை ஒரு மேட்சுக்கு கையோட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.