தோப்பின் நடுவே நெடுஞ்சாலை: 21 நாளில் என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பை இரண்டாகப் பிளந்துகொண்டு புதிய தேசிய நெடுஞ்சாலை வரப்போகிறது. பேப்பரில், நிலம் எடுக்கப்போவதாகச் சொல்லும் 3ஏ அறிவிப்பில் எங்கள் சர்வே எண் வந்திருக்கிறது. பட்டா இன்னும் காலமான அப்பா பெயரில்தான் இருக்கிறது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்த அறிவிப்பு அரசிதழில் வெளியான தேதியைப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956-ன் 3சி பிரிவுப்படி, அன்றிலிருந்து 21 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபணை தர வேண்டும். நில எடுப்பு அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையோடு தேதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி இந்த நாட்களைத் தவறவிட்டவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

மனுவில் "நிலம் தர மாட்டோம்" என்று மட்டும் எழுதினால் பெரிய பலன் இருக்காது. 5,846 கி.மீ. தங்க நாற்கரச் சாலை போட்ட காலத்தில் பெரும்பாலும் பழைய சாலையைத்தான் அகலப்படுத்தினார்கள். ஓரத்தில் ஒரு பட்டை நிலம் போகும், அவ்வளவுதான். இப்போது சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை போலப் புதிய தடங்கள் வயலை ஊடறுத்துப் போகின்றன. நினைத்த இடத்தில் குறுக்கே கடக்க முடியாது. கிணறு கிழக்கே, தென்னை மேற்கே என்று ஆகிவிட்டால் தண்ணீர் எப்படிப் போகும்? ஆகவே புலப்படத்தின் நகலில் கிணறு, குழாய், வண்டிப்பாதை எல்லாவற்றையும் குறித்து இணையுங்கள். சுரங்கப்பாதை, அணுகுசாலை, சாலைக்கு அடியில் குழாய் கொண்டுபோக வழி, இவற்றை இப்போதே கேளுங்கள். மண் கொட்டி மேடாக்கிய பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

அப்புறம் பட்டா. வாரிசுச் சான்றிதழ் வாங்கி உடனே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். நில எடுப்பை உறுதிசெய்யும் 3டி அறிவிப்பு வெளியானதுமே நிலம் மத்திய அரசுக்குச் சேர்ந்துவிடும். பணம் யாருக்கு என்று உடன்பிறந்தவர்களுக்குள் தகராறு வந்தால், அந்தத் தொகை சிவில் நீதிமன்றத்துக்குப் போய் முடங்கும். இப்போதே கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

இழப்பீடு 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி கணக்கிடப்படும். வழிகாட்டி மதிப்பு, சுற்றுவட்டார விற்பனைப் பத்திரங்களின் சராசரி, இரண்டில் எது அதிகமோ அது நிலத்தின் சந்தை மதிப்பு. கிராமப்புறத்தில் அதை 1 முதல் 2 வரையிலான ஒரு காரணியால் பெருக்குவார்கள். மரம், கிணறு, கட்டடத்தின் மதிப்பைக் கூட்டி, அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்ப்பார்கள். உதாரணத்துக்கு, சந்தை மதிப்பு 10 லட்சம், காரணி 1.5, மரமும் கிணறும் 3 லட்சம் என்றால் 18 லட்சம். ஆறுதல் தொகையோடு 36 லட்சம். மரக்கணக்கு எடுக்க வரும்போது கட்டாயம் கூடவே நில்லுங்கள். காய்க்கும் தென்னையைக் கன்று என்று எழுதிவிட்டால், அந்த இழப்பும் இரட்டிப்பாகும்.

நிலம் துண்டுபட்டதால் மீதி நிலத்துக்கு வரும் பாதிப்புக்கும் 3ஜி(7) பிரிவில் இழப்பீடு உண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை. இழப்பீட்டை முடிவுசெய்யும் 3ஜி விசாரணைக்கு அழைக்கும்போது தனித் தலைப்பிட்டுக் கேளுங்கள். தொகை குறைவு என்று தோன்றினால், "ஆட்சேபணையுடன் பெறுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, மத்தியஸ்தரிடம் மனு செய்யுங்கள். வழக்கமாக மாவட்ட ஆட்சியர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார்.