மீன்தொட்டி கேள்வி பதில்: ஹோக்ஃபிஷ் வாங்க முன் இறாலை யோசியுங்கள்

கேள்வி: எங்களிடம் 200 லீற்றர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. முருகைக்கல், ஒரு சோடி நீமோ மீன், இரண்டு கிளீனர் இறால். கொழும்புக் கடையொன்றில் சிவப்பு ஃபிளேம் ஹோக்ஃபிஷ் (hawkfish) மீனைப் பார்த்ததிலிருந்து மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். முருகைக்கல்லைத் தின்றுவிடுமா?
- வாசகி, கல்லடி

பதில்: முருகைக்கல்லைத் தின்னாது, அதன் மேல் ஏறிக் குந்தியிருக்கும், அவ்வளவுதான். இந்தக் குடும்பத்து மீன்களுக்கு உடம்புக்குள் காற்றுப்பை கிடையாது, அதனால் நடுத்தண்ணீரில் மிதந்து நிற்க வராது, தடித்த நெஞ்சுத் துடுப்புகளை ஊன்றிக்கொண்டு ஒரு கிளையில் இருந்து கண்ணை உருட்டி உருட்டிப் பார்க்கும், கீழே ஏதாவது அசைந்தால் ஒரே பாய்ச்சல். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்தப் பாய்ச்சல் இறாலையும் சின்ன நண்டையும் பிடிக்கத்தான், உங்கள் கவலை அங்கேதான் இருக்க வேண்டும்.

கிளீனர் இறால் நன்றாக வளர்ந்து, மீனுக்கு முன்பே தொட்டியில் குடியேறியிருந்தால் பெரும்பாலும் தப்பிவிடும். அப்படியிருந்தும் அது தோல் கழற்றி உடம்பு மெத்தென்று இருக்கும் நாளில் என்ன நடக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. மகனுக்கு அந்த இறால்களும் பிரியம் என்றால் தயவுசெய்து இந்த மீனைக் கொண்டுவராதீர்கள். நன்றாகச் சாப்பாடு போட்டால் தொல்லை குறையும், குணம் மாறாது.

வாங்குவதானால் ஒன்று போதும், எல்லா மீனையும் விட்டு முடித்த பிறகு கடைசியாக விடுங்கள், முன்கூட்டியே விட்டால் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று புதிதாக வருவதை எல்லாம் விரட்டும். 9 சென்ரிமீற்றர் அளவுக்குத்தான் வளரும், உங்கள் தொட்டி தாராளம். வாவி இறாலைப் பொடியாக வெட்டி, கழுவிப் போட்டால் ஆசையாகத் தின்னும். அப்புறம் மூடி! இது துள்ளி வெளியே விழும் மீன், கண்ணாடி மூடி சூட்டை அடைத்து வைக்கும், அதனால் மேலே வலை போடுங்கள்.

கேள்வி: பாசிக்குடாவில் உயிருள்ள முருகைக்கல் ஒரு துண்டு எடுத்து வந்து வைக்கலாமா? கடல் தண்ணீரையே ஊற்றலாமா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: முருகைக்கல்லைத் தொடவே வேண்டாம். இலங்கையில் அதை உடைப்பதும் எடுப்பதும் குற்றம். 1998இல் கடல் சூடேறி நம் நாட்டு முருகைக்கற்களில் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது, மிஞ்சியதையாவது கடலில் விடுவோம்.

தண்ணீர் எடுக்கலாம், ஆனால் மாரியில் வேண்டாம். வாடைக் காலத்து மழை வெள்ளம் முகத்துவாரங்கள் வழியாகக் கடலில் கலக்கும்போது கரையோரத் தண்ணீரின் உப்பு இறங்கிவிடும், வயல் மருந்தும் சேர்ந்து வரும். மற்ற மாதங்களிலும் முகத்துவாரத்திலிருந்து தள்ளிப்போய் எடுத்து, உப்பை அளந்து பாருங்கள், சாரடர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 அளவில் இருந்தால் சரி.

கேள்வி: கச்சான் காற்று நாட்களில் என் கடல்நீர்த் தொட்டி 31 பாகைக்குப் போகிறது, தண்ணீரும் வற்றுகிறது. கடல் தண்ணீர் ஊற்றி நிரப்புகிறேன், சரியா?
- வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: பிழை. வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கிறது, கடல் தண்ணீரை ஊற்ற ஊற்ற உப்பு ஏறிக்கொண்டே போகும். வடிகட்டிய நல்ல தண்ணீரை ஊற்றுங்கள், குளோரின் உள்ள குழாய்த் தண்ணீர் கூடாது. சூட்டுக்கு, தண்ணீரின் மேல்மட்டத்தில் காற்றுப் படும்படி சின்ன மின்விசிறி வையுங்கள், இரண்டு மூன்று பாகை இறங்கும், ஆனால் இன்னும் வேகமாக வற்றும், எனவே தினமும் பார்த்து ஊற்ற வேண்டும்.