கொலுசு கறுப்பதும் புண் ஆறுவதும்

கேள்வி: அக்கா, என் மாமனாருக்கு 71 வயது. இருபது வருடமாக நீரிழிவு. கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண், மூன்று வாரமாக ஆறவில்லை. சென்னையிலிருந்து வந்த நாத்தனார் வெள்ளி நானோ ஜெல் இரண்டு டியூப் கொண்டுவந்தார். போடலாமா? வலியே இல்லை என்கிறார் மாமா.
- ஒரு மருமகள், யீஷூன்

பதில்: ஜெல்லைப் பற்றி அப்புறம் பேசுவோம். கடிதத்தில் எனக்குத் திக்கென்றது கடைசி வரிதான். மூன்று வாரப் புண் வலிக்கவில்லை என்றால் பாத நரம்பு மரத்துப் போயிருக்கலாம். சீழ் எலும்பு வரை போனாலும் மாமாவுக்குத் தெரியாது. உடனே பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள் என்று உங்களுக்கு அன்றே மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். சிவப்பு பரவுவது, நாற்றம், காய்ச்சல், தோல் கறுப்பது, இதில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். டியூப்பையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். தாதிகள் திட்டமாட்டார்கள். (நான் திட்டியிருக்கிறேன், அது வேறு கதை.)

சரி, வெள்ளிக்கு வருவோம். அது ஏமாற்று வேலை இல்லை. உங்கள் கொலுசு ஏன் கறுக்கிறது? காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி ஒட்டிக்கொள்கிறது. கிருமியின் புரதங்களிலும் கந்தகம் உண்டு. ஈரத்தில் வெள்ளியிலிருந்து கழன்று வரும் அயனிகள் அதைப் போய்க் கவ்விக்கொள்கின்றன. கிருமியின் சவ்வு கெட்டு, உள்வேலைகள் நின்றுபோகின்றன. நானோ துகள் என்றால் 100 நானோமீட்டருக்கு உட்பட்டது. தலைமுடித் தடிமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. கற்கண்டைக் கட்டியாகப் போட்டால் பாலில் கரைய நேரமாகும், பொடித்துப் போட்டால் சட்டென்று கரையும் இல்லையா? அதே கணக்குதான். கொஞ்சம் வெள்ளியே போதும்.

நான் தாதியாகச் சேர்ந்த புதிதில் இதெல்லாம் வார்டில் கிடையாது. தீக்காயத்துக்கு சில்வர் சல்ஃபாடயாசின் என்ற வெள்ளைக் களிம்பு, 1968-இல் வந்த மருந்து. தீபாவளி முறுக்குச் சுடும்போது கையில் எண்ணெய் கொட்டிக்கொண்ட ஒரு அம்மாவுக்குத் தினமும் பழைய களிம்பை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவேன். பால் ஏடு போல ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்கும்போது அவர் "முருகா, முருகா" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஜெல் வந்தபோது எனக்குப் பிடித்ததே, சுலபமாகக் கழுவிவிடலாம் என்பதுதான்.

ஆனால் கிருமியைத் தாக்கும் வெள்ளி, புதிதாக வளரும் தோல் செல்களையும் சும்மா விடாது. அதனால் தொற்று உள்ள புண்ணுக்கு மட்டும் போடுவோம். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, தொடரலாமா என்று மறுபடி யோசிப்போம். நீரிழிவுப் பாதப் புண் ஆற வேண்டும் என்பதற்காக மட்டும் வெள்ளி போட வேண்டாம் என்கின்றன சர்வதேச வழிகாட்டிகள். மாமாவுக்கு முதலில் வேண்டியது செத்த சதையை எடுத்துச் சுத்தம் செய்வது, காலில் ரத்த ஓட்டம் பார்ப்பது, அந்த இடத்தில் பாரம் விழாமல் காப்பது. சர்க்கரை அளவைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

மருத்துவர் ஜெல்லும் போடலாம் என்றால், புண்ணைச் சலைனில் (மருத்துவ உப்பு நீரில்) கழுவியபின் ஈரத்தைக் காஸ் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் போடுங்கள். உப்பில் இருக்கும் குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து அதன் வேகத்தைக் குறைத்துவிடும்.

கேள்வி: வெள்ளித் துகள் கலந்த தண்ணீரைக் குடித்தால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
- ஒரு வாசகர், தெம்பனிஸ்

பதில்: குடிக்காதீர்கள். தொடர்ந்து குடித்தால் தோல் சாம்பல் நீலமாக மாறிவிடலாம். மாறினால் பழைய நிறம் திரும்பாது. இது பாதுகாப்பானதுமில்லை, பலன் தரும் என்று ஏற்கவும் முடியாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1999-இலேயே சொல்லிவிட்டது. அனுப்பியவர் என்ன நிறத்தில் இருக்கிறார் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.